எவான் பார்க்கர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எவான் பார்க்கரின் பதிவு ஒன்றை யாருக்காவது அனுப்பினால் பதிலாக அநேகமாக ஒரு கேள்விதான் வரும். "இது என்ன சத்தம்?" என்பதில் தொடங்கி "இந்த மனுஷன் மூச்சே விடமாட்டாரா?" என்பது வரை எல்லாம் கேட்டிருக்கிறார்கள். பல வருஷமாகச் சேர்ந்த அந்தக் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் தருகிறேன்.

யார் இந்த எவான் பார்க்கர்?

இங்கிலாந்தின் மூத்த சாக்ஸஃபோன் கலைஞர். 1944 ஏப்ரல் 5 அன்று பிரிஸ்டல் நகரில் பிறந்தவர். கனத்த ஒலியுள்ள டெனர், உச்ச ஒலியுள்ள சோப்ரானோ என்று இரண்டு வகை சாக்ஸஃபோன் வாசிக்கிறார். ஜாஸிலிருந்து கிளம்பி, எழுதிவைத்த மெட்டோ முன்னேற்பாடோ இல்லாமல் அந்த நேரத்திலேயே இசையை உருவாக்கும் 'ஃப்ரீ இம்ப்ரவைசேஷன்' என்ற போக்கை 1960களில் ஐரோப்பாவில் வேரூன்றச் செய்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். அந்தத் தலைமுறையில் பலர் இன்று இல்லை. டிரம்மர் ஜான் ஸ்டீவன்ஸ் 1994-ல் போனார், கிடார் கலைஞர் டெரிக் பெய்லி 2005-ல். ஜெர்மன் சாக்ஸஃபோன் கலைஞர் பீட்டர் ப்ரோட்ஸ்மானும் டிரம்மர் டோனி ஆக்ஸ்லியும் 2023-ல் அடுத்தடுத்து மறைந்தார்கள். இந்தப் பெயர்கள் எல்லாம் கீழே மறுபடி வரும். பார்க்கரின் கதையை அவர்களை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

நம் ஊரில் சாக்ஸஃபோன் என்றால் கத்ரி கோபால்நாத் முகம்தான் முதலில் வரும். அவர் அந்தப் பித்தளை வாத்தியத்தைக் கமகத்துக்கு இணங்கவைத்தார். பார்க்கர் போனது வேறு திசை. வாத்தியத்தின் உள்ளே என்னென்ன ஒலிகள் ஒளிந்திருக்கின்றன, அவற்றில் எத்தனையை ஒரே மூச்சில் வெளியே கொண்டுவர முடியும் என்று தேடியதுதான் அவருடைய வாழ்நாள் வேலை.

எப்படித் தொடங்கினார்?

பதினான்கு வயதில், ஆல்ட்டோ சாக்ஸஃபோனில். அப்போது அவர் மனம் கவர்ந்தவர் அமெரிக்க ஜாஸ் கலைஞர் பால் டெஸ்மண்ட். மென்மையான, பாலாடைபோல வழுக்கும் ஆல்ட்டோ ஒலி டெஸ்மண்டுடையது. பார்க்கரின் பின்னாள் பதிவுகளைக் கேட்டவர்களுக்கு இதை நம்புவது கடினம். பிறகு இன்னொரு அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் வந்தார், எல்லாம் மாறியது. கோல்ட்ரேன் வாசித்தது டெனரும் சோப்ரானோவும். பார்க்கரும் அந்த இரண்டுக்குமே மாறினார், இன்றுவரை அந்த இரண்டிலேயே நிற்கிறார்.

தாவரவியல் படித்தவர் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1962-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் சேர்ந்தார், முடிக்கவில்லை. படிப்பை விட வைத்தது இசை. அவருடைய அப்பா பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அந்தச் சலுகையில் பையன் நியூயார்க் போக முடிந்தது. அங்கே பியானோ கலைஞர் செசில் டெய்லர் வாசிப்பதை நேரில் கேட்டார், உடன் சாக்ஸஃபோனில் ஜிம்மி லயன்ஸ், டிரம்ஸில் சன்னி மர்ரே. தாளத்தைக் கணக்காகப் பிடிக்காமல், அலைபோல மர்ரே டிரம்ஸ் வாசிப்பார். அதன் மேல் டெய்லரின் பியானோ கொட்டும். ஜாஸில் அதுவரை விதி என்று இருந்தவை உடைந்துகொண்டிருந்த நேரம் அது. பதினெட்டு வயசுப் பையன் அதைப் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்ச் செடிகளின் குடும்பப் பெயர்களை எவ்வளவு நாள் மனப்பாடம் செய்திருப்பான்?

லண்டனில் என்ன நடந்தது?

1966-ல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். செயின்ட் மார்ட்டின்ஸ் லேன் பக்கத்தில் 'லிட்டில் தியேட்டர் கிளப்' என்று ஒரு சின்ன இடம். சாயங்காலம் நாடகம், அது முடிந்து ஆட்கள் போனபிறகு இரவில் இசை. அதே ஆண்டு தொடக்கத்தில் ஜான் ஸ்டீவன்ஸ் அந்த இடத்தைப் பிடித்துத் தன் 'ஸ்பான்டேனியஸ் மியூசிக் என்செம்பிள்' குழுவை அங்கே நடத்தத் தொடங்கியிருந்தார். பார்க்கர் போய்ச் சேர்ந்தது அங்கேதான்.

ஸ்டீவன்ஸிடம் இரண்டு விதிகள் இருந்தன. பக்கத்தில் வாசிப்பவரின் ஒலி உனக்குக் கேட்கவில்லை என்றால் நீ சத்தமாக வாசிக்கிறாய். அவர் வாசிப்பதோடு உன் வாசிப்புக்குத் தொடர்பே இல்லை என்றால் நீ இந்தக் குழுவில் இருக்க வேண்டியதில்லை. அவ்வளவுதான். 'எது வேண்டுமானாலும் வாசிக்கலாம்' என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கும் இந்த இசையின் அடியில் இப்படி ஒரு கறாரான ஒழுக்கம் இருந்தது. சில காலம் குழுவே ஸ்டீவன்ஸ், பார்க்கர் என்று இரண்டு பேராகச் சுருங்கியதும் உண்டு. டிரம்மும் சாக்ஸஃபோனும் மட்டும் என்றால் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பார்க்கரின் காது தீட்டப்பட்டது அந்த நாட்களில்தான் என்று நான் நினைக்கிறேன்.

1968 பிப்ரவரியில் அந்தக் குழு 'கார்யோபின்' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தது. ஸ்டீவன்ஸ், பார்க்கர், டெரிக் பெய்லி, டிரம்பெட்டில் கென்னி வீலர், பாஸில் டேவ் ஹாலண்ட். ஐந்து பேரும் ஒருவர்மீது ஒருவர் இடிக்காமல், ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பிக்கொண்டே போவார்கள். அதே வருஷம் அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் கண்ணில் பட்டு ஹாலண்ட் அமெரிக்கா போய்விட்டார். பார்க்கர் லண்டனிலேயே இருந்தார்.

'மெஷின் கன்' என்ற தட்டில் இருப்பவரும் இவர்தானா?

இவரேதான். 'கார்யோபின்' பதிவாகி மூன்றே மாதத்தில், 1968 மே மாதம், ஜெர்மனியின் பிரேமன் நகரில் ப்ரோட்ஸ்மான் எட்டுப் பேரைக் கூட்டிப் பதிவு செய்தது அது. மூன்று சாக்ஸஃபோன், இரண்டு பாஸ், இரண்டு டிரம், ஒரு பியானோ. 'மெஷின் கன்' என்பது டிரம்பெட் கலைஞர் டான் செர்ரி ப்ரோட்ஸ்மானுக்கு வைத்த செல்லப்பெயர். முதல் விநாடியே காதில் அறைகிறது.

இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒன்று கிசுகிசுப்பு, மற்றது கர்ஜனை. இருபத்துநான்கு வயதிலேயே இரண்டு இடத்திலும் பார்க்கரால் நிற்க முடிந்தது. பின்னாள் வாசிப்பில் இந்த இரண்டும் கலந்தே இருக்கும்.

இது ஜாஸா? மெட்டு எங்கே, தாளம் எங்கே?

வேர் ஜாஸ். வளர்ந்த மரத்துக்கு அந்தப் பெயர் போதாது. மெட்டு என்று நீங்கள் தேடுவது, ஒருமுறை கேட்டுவிட்டுத் திரும்பப் பாடக்கூடிய ஒரு வரி என்றால், பார்க்கரின் தனி வாசிப்பில் அது கிடைக்காது. விரல் போட்டு எண்ணக்கூடிய தாளமும் கிடைக்காது. மனோதர்மத்தோடு இதை ஒப்பிட்டு நிறையப் பேர் கேட்கிறார்கள். மனோதர்மத்துக்கு ராகம் என்ற வீடு இருக்கிறது, எவ்வளவு தூரம் போனாலும் திரும்பிவர ஒரு வாசல் உண்டு. பார்க்கரும் தோழர்களும் அந்த வீட்டையும் வாசிக்கும்போதே கட்டிக்கொள்கிறார்கள். அதனால் கேட்பவர் பிடித்துக்கொள்ள வேண்டியவை வேறு: ஒலி எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு வேகம், எந்த உயரம், எங்கே ஒரு சின்ன உருவம் திரும்பத் திரும்ப வந்து மெல்ல உருமாறுகிறது. இவற்றைக் கவனிக்கத் தொடங்கியபின் மெட்டைத் தேடும் பழக்கம் தானாகவே விட்டுப்போகும். எனக்கு அதற்குச் சில மாதம் ஆனது.

நிறுத்தாமல் இருபது நிமிஷம் ஊதுகிறாரே, மூச்சு எப்படி விடுகிறார்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் 'சர்க்குலர் ப்ரீதிங்' என்பார்கள், சுழல்மூச்சு என்று சொல்லலாம். நுரையீரலில் காற்று தீரப்போகும் நேரத்தில் கன்னத்தை உப்பி அங்கே கொஞ்சம் காற்றைத் தேக்கிவைக்க வேண்டும். பிறகு கன்னத் தசையால் அந்தக் காற்றை அழுத்தி வாத்தியத்துக்குள் செலுத்திக்கொண்டே, அதே நொடியில் மூக்கால் சட்டென்று உள்ளிழுக்க வேண்டும். வாய் ஒரு தனித் துருத்தியாகவும் நுரையீரல் இன்னொரு துருத்தியாகவும் மாறி மாறி வேலை செய்யும். பழகுகிறவர்கள் தண்ணீர் டம்ளரில் ஸ்ட்ராவை வைத்துக் குமிழி விடுவார்கள். மூச்சை இழுக்கும்போதும் குமிழி அறுபடாமல் வந்தால் பிடி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். செய்து பார்த்தால் எவ்வளவு கடினம் என்று தெரியும். மூக்கு இழுக்கும்போது வாயும் சேர்ந்து இழுக்கத்தான் பார்க்கும்.

இது பார்க்கர் கண்டுபிடித்ததல்ல. நாகஸ்வரத்தோடு ஒத்து ஊதுகிறவர் சுருதியை அறுபடாமல் பிடித்து நிற்பது இந்த வழியில்தான். சுருதிப் பெட்டி வந்தபிறகு ஒத்து அபூர்வமாகிவிட்டதால் நம்மில் பலர் அந்த உப்பிய கன்னத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிஜெரிடூ, சார்டினியத் தீவின் மூன்று குழல் வாத்தியமான லவுனெட்டாஸ் ஆகியவற்றிலும் இதே முறை. ஜாஸில் பார்க்கருக்கு முன்பே அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் ரோலண்ட் கிர்க் போன்றவர்கள் செய்திருக்கிறார்கள்.

ஆனால் பெரும்பாலும் இது ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பதற்கோ, கைதட்டல் வாங்குவதற்கோ பயன்பட்டது. பார்க்கர் அதை இசையின் அடித்தளமாகவே ஆக்கிவிட்டார். மூச்சு முடியும் இடத்தில் வாக்கியம் முடிய வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டால் இசைக்குப் புள்ளி, காற்புள்ளி எல்லாம் போய்விடும். ஆறுபோல ஓடிக்கொண்டே இருக்கலாம். அந்த ஓட்டத்தில்தான் அடுத்த விஷயம் சாத்தியமாயிற்று.

ஒருவர் வாசிக்கிறார், மூன்று பேர் வாசிப்பதுபோல் கேட்கிறது. ஒலிப்பதிவில் ஏதாவது சேர்த்தார்களா?

இல்லை. 1991-ல் வந்த 'ப்ராசஸ் அண்ட் ரியாலிட்டி' தட்டில் சில இடங்களில் அவர் வாசிப்பின்மேலேயே வாசிப்பை ஏற்றிப் பதிவு செய்திருக்கிறார். அதை விட்டுவிட்டால், தனி வாசிப்பில் நீங்கள் கேட்பதெல்லாம் ஒரு ஆள், ஒரு குழாய். சோப்ரானோ சாக்ஸஃபோன் நேராக, இரண்டடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில், பித்தளையில் செய்த குட்டி நாகஸ்வரம்போல இருக்கும். நாகஸ்வரச் சீவாளிக்கு இரண்டு இதழ், இதற்கு ஒரே நாணல் தகடு.

அந்தக் குழாயில் ஒரு ஸ்வரத்தை ஊதும்போது அதன் மேல்ஸ்வரங்களும் உள்ளே இருக்கின்றன. உதட்டின் அழுத்தத்தையும் தொண்டையின் வடிவத்தையும் மாற்றினால் கீழே இருப்பதை அடக்கி மேலே இருப்பதைத் தனியே பிடித்தெழுப்பலாம். வழக்கமில்லாத விரல்வைப்பில் துளைகளை மூடித் திறந்தால் இரண்டு மூன்று ஒலிகள் ஒன்றாகவே கிளம்பும். இது முதல் அடுக்கு.

இரண்டாவது அடுக்கு விரல்கள். இடது கை ஒரு ஸ்வரக் கோவையையும், வலது கை வேறு நீளமுள்ள இன்னொரு கோவையையும் விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒன்று ஐந்தில் முடிந்து மற்றது ஏழில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் சேர்ந்து ஒரே இடத்துக்குத் திரும்பி வர வெகுநேரமாகும். அதற்கு மேல் நாக்கு. நாணல் தகட்டைத் தட்டும் நாக்கு தனக்கென்று மூன்றாவது கணக்கு ஒன்றை வைத்துக்கொள்ளும்.

இப்போது நம் காதின் வேலை. உயர்ந்த ஒலியும் தாழ்ந்த ஒலியும் மிக வேகமாக மாறி மாறி வந்தால் காது அதை ஒரே வரியாகக் கேட்காது. உயர்ந்தவற்றை ஒரு வரியாகவும் தாழ்ந்தவற்றை இன்னொரு வரியாகவும் தானே பிரித்துக்கொள்ளும். ஆக, மேலே ஒரு குருவிக் கீச்சு, நடுவில் கொதிக்கும் தண்ணீர்போல ஒரு சலசலப்பு, அடியில் ஆங்காங்கே ஒரு உறுமல் என்று நமக்கு மூன்று ஆட்கள் கேட்கிறார்கள். பாதி வேலையை அவர் செய்கிறார், மீதியை நம் காது செய்கிறது.

இதை வாத்தியம் கையில் கிடைத்த குழந்தைகூட வாசிக்குமே?

கேட்பவர்கள் பலர் கிண்டலுக்குக் கேட்பதில்லை, உண்மையாகவே அப்படித் தோன்றுவதால்தான் கேட்கிறார்கள். என் பதில் இதுதான். குழந்தை ஒரு சாக்ஸஃபோனை ஊதினால் கீச்சென்று ஒரு ஒலி வரும். அதே கீச்சை அதே உயரத்தில், அதே அளவில் மறுபடி எழுப்பச் சொல்லுங்கள், முடியாது. பார்க்கர் அந்தக் கீச்சை நிமிஷக்கணக்கில் தாங்கிப் பிடித்து, அதன் கீழே வேறு இரண்டு ஒலிகளை நகர்த்தி, பிறகு விட்ட இடத்துக்கே திரும்பி வருகிறார். 1975-ல் வாசித்ததையும் 1986-ல் வாசித்ததையும் அடுத்தடுத்துக் கேட்டால், முதலாவதில் தட்டுத் தடுமாறித் தேடும் சில ஒலிகள் இரண்டாவதில் சொற்களாகவே ஆகிவிட்டிருப்பது தெரியும். பதினோரு வருஷ சாதகம் அது.

தனி வாசிப்பில் எதை முதலில் கேட்பது?

அவர் முதன்முதலாகத் தனியாக மேடையேறியது 1975 ஜூனில், லண்டன் யூனிட்டி தியேட்டரில். அந்தக் கச்சேரியும் அதே வருஷம் பெர்லினில் செய்த பதிவும் சேர்ந்து 'சாக்ஸஃபோன் சோலோஸ்' ஆனது. கரடுமுரடான தட்டு, இடையிடையே நிறுத்தங்கள் உண்டு. 1978-ல் பதிவான 'மோனோசெரோஸ்' நேராகத் தட்டிலேயே வெட்டிப் பதிந்தது. டேப் இல்லாததால் வெட்டி ஒட்டவோ திருத்தவோ வழியே கிடையாது. அதன் முதல் பகுதி இருபது நிமிஷத்துக்கும் மேல் ஒரே ஓட்டமாகப் போகும். 

இருந்தாலும் நான் முதலில் கையில் கொடுப்பது 'தி ஸ்னேக் டிசைட்ஸ்' தட்டைத்தான். 1986 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் பதிவு செய்தது. பதிவு செய்தவர் மைக்கேல் கெர்ஸன், சுற்றிலுமிருந்து ஒலி வருவதுபோல் கேட்கவைக்கும் 'ஆம்பிசோனிக்ஸ்' முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். கணிதம் படித்த மனிதர். கல் கட்டடம், உயர்ந்த கூரை, நடுவில் ஒரு சோப்ரானோ. அவர் ஊதிய ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வந்து அடுத்த ஒலியோடு கலக்கிறது. கட்டடம் இரண்டாவது வாத்தியமாகிவிடுகிறது.

தலைப்புப் பகுதியில் ஒரு விஷயம் செய்து பாருங்கள். முதல் தடவை கேட்கும்போது மேலே ஒலிப்பதை மட்டும் பின்தொடருங்கள், வேறு எதையும் கவனிக்க வேண்டாம். அடுத்த தடவை அடியில் வரும் கட்டையான ஒலியை மட்டும். எப்போதாவதுதான் வரும், ஆனால் வரும்போது தரை அசைந்ததுபோல் இருக்கும். மூன்றாவது தடவை எதையும் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். மூன்று தடவையும் மூன்று வெவ்வேறு இசை. நானே இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை, இன்னும் ஒரு தடவையாவது முழுக்கப் பிடிபட்டுவிட்டது என்று சொல்லத் துணிந்ததில்லை.

இதே கெர்ஸன் 1989-ல் பதிவு செய்தது 'கோனிக் செக்ஷன்ஸ்'. இடம் ஆக்ஸ்ஃபோர்டின் ஹோலிவெல் மியூசிக் ரூம், 1748-ல் கச்சேரிக்கென்றே கட்டிய கூடம். அறை மாறியதும் வாசிப்பே மாறிவிட்டது என்பது இரண்டையும் கேட்டால் விளங்கும்.

டெனர் சாக்ஸஃபோனிலும் இப்படித்தானா?

இல்லை, வேறு மனுஷன். டெனரில் மூச்சு விடுவார், வாக்கியம் அமைப்பார், கோல்ட்ரேனின் நிழல் இன்னும் தெரியும். 1995-ல் பதிவான 'சிகாகோ சோலோ' முழுக்க டெனர்தான். சோப்ரானோ தலை சுற்ற வைக்கிறது என்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

இசைத்தட்டுக் கம்பெனிகள் இதையெல்லாம் எப்படி வெளியிட்டன?

பெரும்பாலும் வெளியிடவில்லை. அதனால் தாங்களே தொடங்கிவிட்டார்கள். 1970-ல் பார்க்கர், பெய்லி, ஆக்ஸ்லி மூவரும் சேர்ந்து 'இன்கஸ்' என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். பிரிட்டனில் இசைக்கலைஞர்களே சொந்தமாக நடத்திய தட்டு நிறுவனங்களில் முன்னோடி அது. பள்ளியில் காதுக்குள் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்பு படித்திருப்போம், அதில் பட்டடை எலும்பின் பெயர்தான் இன்கஸ். கேட்பதற்காகவே வாழ்ந்தவர்கள் வைத்த பெயர்.

முதல் வெளியீடு 'தி டோபோகிராஃபி ஆஃப் த லங்ஸ்', நுரையீரல்களின் நிலவரைபடம். பார்க்கர், பெய்லி, டச்சு டிரம்மர் ஹான் பென்னிங்க். பின்னால் பார்க்கர் செய்ததற்கெல்லாம் இதைவிடப் பொருத்தமான தலைப்பு வைக்க முடியாது. 1987-ல் அவர் இன்கஸை விட்டு விலகினார். 2001-ல் 'சை' என்ற பெயரில் இன்னொன்று தொடங்கினார். பெய்லி மறைந்த மறுவருஷம், 2006-ல், அந்த முதல் தட்டு 'சை' வழியாக மறுபடி வெளிவந்தது.

இந்தப் பகுதியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். விற்காது என்று தெரிந்த இசையைத் தானே பதிந்து, தானே வெளியிட்டு வந்ததால்தான் அரை நூற்றாண்டு வாசிப்பு இன்று நம் கைக்கு எட்டுகிறது.

யாரோடெல்லாம் வாசித்திருக்கிறார்?

பட்டியல் போட்டால் முடியாது. இரண்டு மூவர் அணிகளைச் சொல்லியே ஆகவேண்டும். ஒன்று பெர்லின் பியானோ கலைஞர் அலெக்ஸாண்டர் ஃபான் ஷ்லிப்பன்பாக், டிரம்மர் பால் லோவென்ஸ் ஆகியோருடன் 1970களின் தொடக்கத்தில் அமைந்தது. 1972-ல் பதிவான 'பாகிஸ்தானி பொமேட்' இன்றும் பசுமையாக இருக்கிறது. குளிர்காலம் வந்தால் மூவருமாக ஜெர்மனியில் ஊர் ஊராகப் போய் வாசிப்பதைப் பல பத்தாண்டுகள் வழக்கமாக வைத்திருந்தார்கள். இன்னொன்று பாஸ் கலைஞர் பாரி கை, டிரம்மர் பால் லிட்டன் ஆகியோருடன், 1980களின் தொடக்கத்திலிருந்து. லிட்டனோடு அதற்கும் முன்பே பல வருஷம் இருவராக வாசித்தவர்.

எதையும் முன்கூட்டித் தீர்மானிக்காமல் வாசிக்கிறவர்கள் ஏன் அதே ஆட்களோடு நாற்பது வருஷம் வாசிக்க வேண்டும்? புதுப்புது ஆட்களோடு வாசித்தால்தானே புதுசு வரும்? பழைய தம்பதிகள் பேசிக்கொள்வதைக் கவனியுங்கள். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார்கள், மற்றவருக்குப் புரிந்துவிடும். அதனால் பேச்சு அடுத்த இடத்துக்குப் போக முடிகிறது. ஷ்லிப்பன்பாக் அணியில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். லோவென்ஸ் ஒரு தட்டு தட்டிவிட்டுச் சும்மா இருப்பார், மற்ற இருவரும் அதை வைத்தே வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்.

தென்னாப்பிரிக்கப் பியானோ கலைஞர் கிறிஸ் மக்ரெகரின் 'பிரதர்ஹுட் ஆஃப் ப்ரெத்' பெரிய குழுவிலும் வாசித்தார். நிறவெறி ஆட்சியிலிருந்து வெளியேறி லண்டன் வந்த தென்னாப்பிரிக்கக் கலைஞர்கள் லண்டன் ஆட்களோடு சேர்ந்து அமைத்த குழு அது. ஆட்டம்போட வைக்கும் இசை. அதன் டிரம்மர் லூயிஸ் மொஹோலோவோடு பார்க்கருக்கு நெடுங்கால உறவு இருந்தது.

எழுதிவைத்த இசையை வாசிக்க மாட்டாரா?

வாசிப்பார். கென்னி வீலரின் 'மியூசிக் ஃபார் லார்ஜ் அண்ட் ஸ்மால் என்செம்பிள்ஸ்' (1990) தட்டில் ஒழுங்காக எழுதிய பெரிய குழு இசைக்குள் இவருடைய டெனர் இருக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் டிரம்மர் சார்லி வாட்ஸ் 1980களில் தன் ஆசைக்கு ஒரு பெரிய ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா சேர்த்தபோது அதிலும் இருந்தார். பாடகர் ஸ்காட் வாக்கரின் 'கிளைமேட் ஆஃப் ஹன்டர்' (1984) என்ற பாட்டுத் தட்டிலும் அவர் சாக்ஸஃபோன் உண்டு.

கம்ப்யூட்டரோடு வாசிக்கும் குழு எது?

'எலக்ட்ரோ-அக்கூஸ்டிக் என்செம்பிள்'. இதன் முதல் தட்டு 'டுவார்ட் த மார்ஜின்ஸ்' 1997-ல் ஜெர்மன் இசைத்தட்டு நிறுவனமான ஈ.சி.எம். வெளியிட்டது. பார்க்கர், பாரி கை, லிட்டன், வயலினில் ஃபிலிப் வாக்ஸ்மான் ஒரு பக்கம். வால்டர் பிராட்டி, மார்கோ வெக்கி என்ற இருவர் மின்னணுக் கருவிகளோடு மறுபக்கம். வாசிப்பவரின் ஒலியை அந்த நொடியிலேயே பிடித்து, உருமாற்றி, அவரிடமே திருப்பித் தருவார்கள். வாசிப்பவர் தன் நிழலுக்குப் பதில் சொல்ல வேண்டும். தேவாலயச் சுவர் செய்ததைத்தான் இங்கே இயந்திரம் செய்கிறது என்று எனக்குப் படும்.

அந்த ஆர்வம் தணியவில்லை. 2022-ல், தான் வசிக்கும் கென்ட் மாவட்டத்து ஃபாவர்ஷாம் ஊரில் ஒரு குழு, நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு குழு என்று வைத்து, இணைய இணைப்பில் இரண்டு கரையிலிருந்தும் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். 'மார்க்கோனிஸ் ட்ரிஃப்ட்' என்று அது தட்டாக வந்திருக்கிறது.

நேரில் கேட்க எங்கே போவது?

கிழக்கு லண்டனில் டால்ஸ்டன் பகுதியின் வோர்டெக்ஸ் ஜாஸ் கிளப்பில் பல வருஷம் மாதம் ஒருமுறை வாசித்து வந்தார். சின்ன இடம். இந்த இசைக்கு அதுதான் சரி. ஸ்டேடியம் எடுத்தால் பாதி ஒலி காற்றோடு போய்விடும்.

வீட்டில் கேட்க ஹெட்போனா, ஸ்பீக்கரா?

ஸ்பீக்கர். ஹெட்போனில் அந்த உச்ச ஒலிகள் நேராகக் காதைக் குத்தும், பத்து நிமிஷத்தில் சோர்ந்துவிடுவீர்கள். 'தி ஸ்னேக் டிசைட்ஸ்' போட்டுவிட்டு, ஒலியை அளவாக வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார வேண்டாம். பக்கத்து அறைக்குப் போய்க் கதவைப் பாதி திறந்துவைத்துக் கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோதுதான் அடியில் வரும் அந்தக் கட்டையான ஒலி முதன்முதலாகத் தனியாகப் பிரிந்து என் காதில் விழுந்தது.